வாஷர்

ஐந்து நாள் என் ஆலையில்
குறை மட்டுமே பார்த்தவர் கிதாமுரா.
மைக்ரோமீட்டரைக் காதருகே பிடித்து
அது சொடுக்குவதைக் கேட்பார்.
நூற்றுப் பதினாறு வாஷர்களைச்
சிவப்புத் தட்டில் தள்ளினார்.
ஒவ்வொரு சீட்டிலும் என் கையெழுத்து:
இரா. செண்பகவல்லி, தரக் கட்டுப்பாடு.

ஞாயிறன்று முதலாளி சொன்னார்,
ஏற்காட்டைக் காட்டிவிட்டு வா.
படகுத்துறை, ரோஜாத் தோட்டம், லேடீஸ் சீட்,
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்,
பழுதில்லாத பொருளைக் கடப்பதுபோல.

பிறகு போனை நீட்டினார்.
வயல் நடுவே சிவப்பாய் ஒரு வாசல்.
கதவில்லை, சுவரில்லை.
அம்மாவின் ஊர் என்றார்.
(அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
ஒன்றன் தோளை ஒன்று பிடித்து நடப்பவை.)
வாசலின் பேர் தோரி.
தோரணம் என்று விழுந்தது என் காதில்.
திருத்திக்கொள்ளவில்லை.
"இங்கே இதுபோல? சின்னது, பழையது?"

இக்பால் வண்டியைத் திருப்பினான்.
நாகலூர் தாண்டித் தார் முடிந்த இடத்தில்
காப்பி பூத்திருந்தது.
ஒற்றையடிப் பாதை, நடுவில்
காட்டெருமைச் சாணம், இன்னும் ஆவியோடு.
இக்பால் அதற்குப் பின் பேசவில்லை.

கோயில் என்று சொல்ல ஒன்றுமில்லை.
ஒரு பாறை. அதனடியில் ஆள் குனிந்தால் நுழையும் பொந்து.
முன்னால் இரண்டு கற்கள் நட்டு
குறுக்கே காய்ந்த மாவிலை.
பூசாரி தீர்த்தான் தோட்ட வேலையிலிருந்து
கவாத்துக் கத்தியோடு வந்தார்.
எத்தனை வருசம் இருக்கும்?
"நாங்க காஞ்சியிலேர்ந்து மலையேறினப்ப
இது ஏற்கெனவே இங்க இருந்துச்சு.
அதுக்கு மேல அதைத்தான் கேக்கணும்."

கிதாமுரா கற்களுக்கு வெளியே நின்று குனிந்தார்.
நடுவழியைச் சாமிக்கு விட்டு
ஓரமாக உள்ளே போனார்.
ஊற்றுத் தண்ணீரில் இடக்கை, வலக்கை, வாய்.
"நீ சொல்லிக் குடுத்தியாம்மா?"
இல்லை என்றேன்.
இரண்டு முறை வணங்கினார்.
பிறகு, பாறை திருப்பிச் சொல்ல,
இரண்டு கைதட்டல்.

"முழிச்சுத்தான் இருக்கு சாமி" என்றார் தீர்த்தான்.
கோபமா கேலியா தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த கைதட்டல் வேறு.
சுகவனேசுவரர் கோயிலில்
சண்டிகேசுவரர் முன் மெல்லத் தட்டி
வெறுங்கையைக் காட்டுவோம்,
உன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று.
இவர் வந்ததும் தட்டுகிறார்.
போகும்போது தட்டுகிறவளும்
வரும்போது தட்டுகிறவரும்
ஒரே நிலைப்படியில் இடித்துக்கொண்டதுபோல்
ஒரு கணம் நின்றோம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு காசு வைத்தார்.
பித்தளை நிறம். நடுவில் ஓட்டை.
தீர்த்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
"வாஷரா?"

இக்பால் சிரித்துவிட்டான்.
மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம்.
மொழிபெயர்த்தேன்.

கிதாமுரா காசைத் திரும்ப வாங்கி
கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றினார்.
ஓட்டை வழியே பாறையைப் பார்த்தார்.
"ஓகே" என்றார்.
ஐந்து நாளில் அந்தச் சொல்லை
முதல் முறையாகக் கேட்டேன்.

மஞ்சள் கயிற்றில் அதைக் கோத்து
வேலில் கட்டினார் தீர்த்தான்,
மணி அறுந்து விழுந்திருந்த இடத்தில்.
காற்றில் அது இரும்பைத் தொட்டது.
மணிச் சத்தம் இல்லை. ஏதோ ஒரு சத்தம்.

இறங்கும் வழியில், பதினொன்றாம் கொண்டை ஊசி வளைவில்
சேலம் தெரிந்தது,
வெள்ளைக்கல் சுரங்கம் சுண்ணாம்பு சிந்தியதுபோல.
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்,
இரண்டு உள்ளங்கையும் மடியில் மல்லாந்து.

மறுநாள் அறிக்கையில்
நூற்றுப் பதினாறு நூற்றுப் பதினாறாகவே இருந்தது.
சிவப்புத் தட்டு உருக்கப் போகும் முன்
ஒன்றை எடுத்து
அதன் ஓட்டை வழியே சன்னலுக்கு வெளியே
மலையைப் பார்த்தேன்.

விளிம்பு ஒரு பக்கம் மயிரிழை தடித்திருந்தது.
நான்தான் பார்க்கவில்லை.